கதை நகரவில்லையா? முரணைச் சரிபாருங்கள்

மொழி நன்றாக இருக்கிறது. வர்ணனை எங்கும் உறுத்தவில்லை. பாத்திரங்கள் நிஜ மனிதர்களைப் போலவே பேசுகிறார்கள். ஆனாலும் படிப்பவர் மூன்றாம் பக்கத்தில் கதையை மூடி வைத்துவிடுகிறார். கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ குறையுது" என்கிறார். அந்த 'ஏதோ' பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அந்தக் கதையில் யாருக்கும் எதுவும் அவசரமாக வேண்டியிருக்காது. வேண்டியிருந்தாலும் குறுக்கே நிற்க ஆள் இருக்காது. அதாவது, முரண் இருக்காது. அல்லது முரண்போலத் தோற்றம் காட்டுகிற வேறு ஏதோ இருக்கும்.

முரண் என்றதும் சண்டை, வில்லன், அடிதடி என்று மனம் ஓடும். முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஐந்து பக்கத்துக்குக் கத்திக்கொண்டிருந்தாலும் அங்கே முரண் இல்லாமல் போகலாம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார்; கத்தி ஓய்ந்தபின் இருவரும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள்; அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பேச்சே இல்லாமல் இருவர் ஒரு பெட்டியில் துணி அடுக்கும் காட்சியில் மூச்சு முட்டும் அளவுக்கு முரண் இருக்கலாம். ஒருத்தி போயே ஆகவேண்டும். மற்றவருக்கு அவளை நிறுத்த வேண்டும், ஆனால் அதைக் கேட்கும் உரிமையை எப்போதோ இழந்துவிட்டார். வண்டி வர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.

ஒருவருக்கு ஒன்று வேண்டும். அதற்குக் குறுக்கே ஒன்று நிற்கிறது. இரண்டு தரப்பாலும் விலகிப்போக முடியாது. முரணுக்கு இந்த மூன்றும் வேண்டும். எழுதுபவர்கள் அதிகம் மறப்பது மூன்றாவதைத்தான்.

முதல் வேலை: ஐந்து கேள்வி, ஒரு வாக்கியம்

புதிதாக எழுதுவதற்கு முன்பும், பாதியில் நின்றுபோன கதையை மறுபடி கையில் எடுக்கும்போதும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். யார்? அவருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? கிடைக்காவிட்டால் எதை இழப்பார்? ஏன் இப்போது, ஏன் போன வருடமே இல்லை? எழுதியபின் ஐந்து விடைகளையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். முப்பது சொற்களுக்குள் அடங்கவில்லை என்றால், இரண்டு கதைகளை ஒன்றாக எழுதிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கதையை வைத்தே பார்ப்போம். "இறந்துபோன அம்மாவின் வீட்டை வெள்ளிக்கிழமைக்குள் விற்றால்தான் வசந்தியால் மகளைக் கல்லூரியில் சேர்க்க முடியும், அதே வீட்டின் முன்னறையில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைக்கும் தம்பி முரளி கையெழுத்துப் போட மறுக்கிறான்." வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் விற்க முடியாது. ஐந்து கேள்விக்கும் இதற்குள் விடை இருக்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் பலரும் வழுக்குவார்கள். 'என்ன வேண்டும்' என்றால் 'நிம்மதி', 'அங்கீகாரம்', 'அன்பு' என்று எழுதிவிடுவார்கள். இவையெல்லாம் உணர்வுகள். இவற்றை வைத்துக் காட்சி எழுத முடியாது. ஏனென்றால் பாத்திரம் அதை அடைந்ததா இல்லையா என்பதை வாசகரால் பார்க்க முடியாது. ஒரு கேமரா அதைப் படம் பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். 'அப்பாவின் அங்கீகாரம்' படத்தில் விழாது. 'அப்பா தன் கடைப் பலகையில் மகனுடைய பெயரையும் எழுத வேண்டும்' என்பது விழும். வசந்திக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. அடியில் வேறொன்றும் இருக்கிறது: அம்மாவுக்குத் துரோகம் செய்யவில்லை என்று யாராவது தன்னிடம் சொல்ல வேண்டும். அந்த ஆழமான தேவை கதைக்குக் கனம் தரும். ஆனால் கதையை இழுத்துச் செல்வது அந்தக் கையெழுத்துத்தான்.

இழப்பைத் தீர்மானிக்கும்போது பெரிதாக யோசிக்காதீர்கள்; அந்த ஆளுக்கு எது பெரிது என்று யோசியுங்கள். உலகமே அழியப்போகிறது என்று எழுதினால் வாசகர் அமைதியாகிவிடுவார், ஏனென்றால் அது அழியாது என்று அவருக்குத் தெரியும். ஒரு பெண்ணின் கல்லூரி இடம் திங்கட்கிழமை பறிபோகும் என்பது உண்மையிலேயே நடந்துவிடக்கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு ஒரு பக்கம் கொடுங்கள்

மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்தப் பயிற்சிதான். சோம்பல்படாமல் செய்ய வேண்டும். எதிரே நிற்பவரின் குரலில், 'நான்' என்று தொடங்கி, ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். தான் தவறு செய்கிறோம் என்ற எண்ணம் அந்தப் பக்கத்தில் எங்கும் வரக்கூடாது. அந்தப் பக்கம் கதைக்குள் போகப்போவதில்லை, உங்களுக்காக மட்டுமே.

முரளியின் பக்கம் இப்படி இருக்கலாம்: "அக்கா கல்யாணமாகிப் போய் இருபது வருஷம் ஆச்சு. அந்த இருபது வருஷமும் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான். கடைசி ரெண்டு வருஷம் குளிப்பாட்டினதும் நான்தான். அக்கா லீவுக்கு வருவா, அழுவா, போயிடுவா. இப்போ வீட்டில் பாதி தன்னோடதுங்கிறா. சட்டப்படி சரிதான். ஆனா ராத்திரி அம்மா கூப்பிட்டப்போ சட்டமா எழுந்து போச்சு?"

படித்ததும் முரளி பக்கம் மனம் சாய்கிறதல்லவா? அதுதான் வேண்டியது. அவன் மறுப்பதற்கு மூன்று நியாயமாவது கிடைத்தால் உங்களிடம் ஒரு மனிதன் இருக்கிறான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் இருப்பது ஒரு சுவர். முட்டிக்கொள்ளலாம், கதை பண்ண முடியாது. எதிர்த்தரப்பின் நியாயம் கூடக் கூட, வாசகரால் முடிவை ஊகிப்பது கடினமாகும். 'யார் ஜெயிப்பார்' என்ற கேள்வி மெல்ல 'இது எப்படித்தான் தீரும்' என்று மாறும். அந்தக் கேள்விதான் வாசகரைக் கடைசிவரை உட்காரவைக்கும்.

மனிதன் எதிர் மனிதன், மனிதன் எதிர் சமூகம், மனிதன் எதிர் இயற்கை, மனிதன் எதிர் தன் மனம் என்று பாடப்புத்தகங்கள் வகை பிரிக்கும். படித்த கதையை அலச இது உதவும். எழுத அவ்வளவாக உதவாது. எழுதும்போது தேவைப்படுவது ஒன்றுதான்: முகமில்லாத எதிர்ப்புக்கு ஒரு முகம் கொடுங்கள். சட்டம் பேசாது, அந்தச் சட்டத்தைக் காட்டிக் கோப்பைத் திருப்பி அனுப்பும் எழுத்தர் பேசுவார். வெள்ளத்தோடு விவாதிக்க முடியாது. படகில் ஏற மறுக்கும் தாத்தாவோடு விவாதிக்கலாம்.

ஏன் எழுந்து போகவில்லை?

கதையின் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்திடமும் இதைக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே, எழுந்து போனால் என்ன?" நல்ல பதில் வராவிட்டால், வாசகரும் அதையே கேட்பார். கொடுமைக்கார மேலாளரைப் பற்றி இருபது பக்கம் எழுதிவிட்டு, அந்த ஆள் ஏன் வேலையை விடவில்லை என்று ஒரு வரிகூடச் சொல்லாத கதைகள் ஏராளம். அந்த ஒரு வரி இல்லாததால் இருபது பக்கமும் புலம்பலாகிவிடுகிறது.

இருவரையும் ஒன்றாகப் பிணைக்கக் கூடியவை சிலவே: ரத்த உறவு, கடன், ஒப்பந்தம், ஒரே இடத்தில் அடைபட்டிருப்பது, காதல், பகிர்ந்துகொண்ட ரகசியம், ஒருவரிடம் மட்டுமே உள்ள அறிவு அல்லது அதிகாரம். இவற்றில் இரண்டைச் சேர்த்தால் பிணைப்பு உறுதியாகும். வசந்தியும் முரளியும் ரத்த உறவு. கூடவே சட்டப்படி இருவரின் கையெழுத்தும் தேவை. உறவு மட்டும் இருந்தால் அவள் கோபித்துக்கொண்டு போய்விடலாம். கையெழுத்து மட்டும் இருந்தால் வக்கீலை வைத்து மிரட்டலாம். இரண்டும் இருப்பதால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை.

கெடு நாளும் பிணைப்பைப் போலத்தான் வேலை செய்யும். வாங்க வந்தவர் வெள்ளிக்கிழமைக்குமேல் காத்திருக்க மாட்டார். ஏன் என்பதற்கும் காரணம் வைத்திருங்கள்: அவருக்கு இன்னொரு வீடும் பிடித்திருக்கிறது, அங்கே சனிக்கிழமை முன்பணம் கேட்கிறார்கள். காரணமில்லாத கெடு, எழுதுபவர் வைத்த கெடுவாகத் தெரிந்துவிடும்.

உள்ளே நடக்கும் இழுபறி

நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பது உள்முரண் ஆகாது. எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பாத்திரத்துக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். இரண்டு நல்லவற்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், அல்லது இரண்டு கெட்டவற்றில் ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்னும்போதுதான் மனம் உண்மையில் இரண்டாகப் பிளக்கும். வசந்திக்கு மகளும் வேண்டும், தம்பியும் வேண்டும்.

இதை எழுதும்போது வரும் வழக்கமான தவறு, பாத்திரத்தை ஜன்னலோரம் நிற்கவைத்து இரண்டு பத்தி யோசிக்கவிடுவது. 'அவள் மனம் அலைபாய்ந்தது' என்று எழுதினால் எதுவும் அலைபாயாது. உள்முரணைக் கையால் செய்யக்கூடிய ஒரு செயலாக மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக, வசந்திக்கு முரளியின் கையெழுத்தை அப்படியே போட வரும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிநாட்களில் அவன் மதிப்பெண் அட்டையில் அம்மாவின் கையெழுத்தைப் போட்டு அவனை அடியிலிருந்து காப்பாற்றியவள் அவள்தான். இப்போது இரவு பதினொரு மணி. மேசையில் விற்பனைப் பத்திரம் இருக்கிறது. பழைய ரசீதின் பின்பக்கத்தில் அவன் கையெழுத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கிறாள். அச்சு அசலாக வந்திருக்கிறது. ரசீதைக் கிழிக்கிறாள். கிழித்ததைக் குப்பையில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

'தவித்தாள்' என்ற சொல்லே தேவைப்படவில்லை. அன்று அன்பினால் செய்த அதே காரியம் இன்று துரோகமாகப்போகிறது என்பதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்முரணுக்குச் செயல் தேடும்போது, பாத்திரத்தின் கடந்த காலத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். புதிதாகக் கொண்டுவந்து வைக்கும் பொருளைவிட அது எப்போதும் நன்றாக ஒட்டும்.

ஏறிக்கொண்டே போக வேண்டும்

2,500 சொல் சிறுகதைக்கு ஒரு முரண் போதும். இரண்டிலிருந்து நான்கு பேர், மூன்று முயற்சிகள். முரண் முதல் 250 சொற்களுக்குள் தலைகாட்டிவிட வேண்டும். முழுதாக விளங்க வேண்டியதில்லை, ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் போதும். நாவலில் முதன்மை முரண் ஒன்றும் அதோடு உரசுகிற கிளை முரண்கள் இரண்டு மூன்றும் தாங்கும். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது தொழில் வழக்கம். 110 பக்கத் திரைக்கதையில் முதல் 10, 15 பக்கங்களுக்குள் உரசல் தெரியும். 25 முதல் 30ஆம் பக்கத்துக்குள் நாயகர் திரும்ப முடியாதபடி மாட்டிக்கொள்வார். இவற்றை விதி என்று எடுத்துக்கொள்ளாமல் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையில் முரண் பாதியில்தான் வருகிறது என்றால், தாமதம் தெரிந்தே செய்ததா என்று பார்க்க இது உதவும்.

ஏன் மூன்று முயற்சி? முதல் முயற்சியில் வாசகருக்குத் தடை எப்படிப்பட்டது என்று தெரிகிறது. இரண்டாவதில், அது நினைத்ததைவிடப் பெரிது என்று தெரிகிறது. மூன்றாவதில் பாத்திரம் இதுவரை செய்யத் துணியாததைச் செய்தாக வேண்டும். வசந்தி முதலில் கேட்கிறாள், மறுக்கப்படுகிறாள். அதனால், தன் பங்கில் ஒரு பகுதியைக் கொடுத்து அவனுக்கு வேறு கடை பிடித்துத் தருவதாகச் சொல்கிறாள். அவன் சம்மதிக்கிறான். ஆனால் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதும் முகம் மாறுகிறது. அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அதை வைத்து அவன் கடன் வாங்கியிருக்கிறான், இவளிடம் சொல்லவில்லை. அதனால், இருக்கும் ஒரே வழி, கடன் கொடுத்தவரைக் கையில் போட்டுக்கொண்டு முரளிக்குத் தெரியாமல் விற்பது. அதற்கு அந்தப் பொய்க் கையெழுத்து வேண்டும்.

இணைப்புச் சொற்களைக் கவனியுங்கள். 'அதனால்', 'ஆனால்' என்று நிகழ்ச்சிகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கதையைச் சுருக்கி ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். 'பிறகு', 'அப்புறம்' என்றே வாய் போனால், நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கின்றனவே தவிர ஒன்று இன்னொன்றைப் பிறப்பிக்கவில்லை என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டாம் முயற்சியையும் மூன்றாம் முயற்சியையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் கதை ஒன்றும் கெடவில்லை என்றால் அங்கே ஏற்றம் இல்லை. ஒவ்வொரு முயற்சியும் தோற்கும்போது ஒரு கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ள வேண்டும். கடன் விஷயம் வெளிவந்தபின் வசந்தியால் பழையபடி 'கொஞ்சம் யோசிச்சுப் பாருடா' என்று கெஞ்ச முடியாது.

ஒரு காட்சிக்குள்

காட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளே வருபவருக்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும், எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும், எந்த நொடியில் நிலைமை திரும்புகிறது, வெளியே போகும்போது என்ன மாறியிருக்கிறது. நான்காவது வரி காலியாக இருந்தால் காட்சியே தேவையில்லை. அதிலுள்ள தகவலை வேறு காட்சிக்கு மாற்றிவிட்டு எடுத்துவிடலாம்.

முதல் வரைவில் பெரும்பாலும் உரையாடல் இப்படி வந்து விழும்:

"இந்த வீட்டை விக்க விடமாட்டேன்க்கா. இது அம்மாவோட நினைவு."
"எனக்குப் பணம் வேணும் முரளி. என் பொண்ணு படிப்பு முக்கியம்."
"உனக்கு உன் குடும்பம்தான் பெருசு."
"நீ சுயநலமாப் பேசறே."

நான்கு வரியிலும் மனத்தில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிட்டது. வாசகருக்கு ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. ஐந்தாவது வரியில் குரலை உயர்த்துவதைத் தவிர இந்தக் காட்சிக்கும் வேறு வழியில்லை. அதே காட்சி, அதே எண்ணங்கள், ஆனால் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதினால்:

"உட்காருக்கா. அது ஆடும், இந்த நாற்காலில உட்காரு." முரளி கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை. "தேவி எப்போ சேரணும்?"
"திங்கட்கிழமை."
"கெட்டிக்காரி. அம்மாவுக்கு அவள்னா உசிரு."
"பேனா கொண்டுவந்திருக்கேன்டா."
"இது நாளைக்குக் கொடுக்க வேண்டிய கடிகாரம். ஒரு சின்ன ஸ்பிரிங், எங்கேயும் கிடைக்க மாட்டேங்குது."
வசந்தி பேனாவை மேசைமேல் வைத்தாள். அவன் அதை எடுத்தான். மூடியை இறுக்கித் தன் திருப்புளிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தான்.

'முடியாது' என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மறுப்பு முழுதாக நடந்து முடிந்துவிட்டது. நாற்காலியைப் பற்றிய கரிசனம் உண்மையானதுதான், கூடவே அந்த வீட்டில் எது ஆடும் எது ஆடாது என்று தனக்குத்தான் தெரியும் என்ற உரிமையும் அதில் இருக்கிறது. பேனா அவளிடமிருந்து அவனிடம் போய்விட்டது. அதுதான் நான்காவது வரி. உரையாடல் எழுதும்போது இருவர் கையிலும் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். வாய் மறைப்பதைக் கை சொல்லிவிடும்.

எல்லாக் காட்சியையும் இப்படியே எழுதக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்துப் பேசியே வந்தவர்கள் ஒரே ஒருமுறை உடைத்துப் பேச வேண்டும். மூன்றாம் முயற்சி தெரியவரும் இடத்தில் முரளி, "என்கிட்ட கேட்டிருந்தா போட்டிருப்பேன்" என்று வெளிப்படையாகச் சொல்லும்போது, முன்பு சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்து அந்த வரிக்கு எடை தரும்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடக்கூடிய தவறான புரிதலை நம்பிக் கதை நடத்துவது. கணவன் வேறொரு பெண்ணோடு பேசுவதை மனைவி பார்க்கிறாள். அது அவன் தங்கை. கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கேட்காததற்குக் காரணம் கொடுக்காதவரை வாசகருக்குப் பாத்திரங்கள்மேல் எரிச்சல்தான் வரும். இதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அவள் கேட்காததற்குக் காரணம் பயம் என்று ஆக்குங்கள். பதில் தெரிந்துவிட்டால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், அவளுக்குப் போக இடமில்லை. இப்போது முரண் புரிதலில் இல்லை, அவளுடைய நிலைமையில் இருக்கிறது.

துன்பத்தை அடுக்குவதும் முரண் ஆகாது. வேலை போகிறது, பிறகு விபத்து, பிறகு நோய், பிறகு தீ. பாத்திரம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதன்மேல் எல்லாம் விழுகின்றன. இரண்டாவது அடியிலேயே வாசகர் மரத்துப்போவார். விபத்து ஒன்று போதும், அதுவும் தொடக்கத்தில் வரட்டும். மற்ற அடிகளெல்லாம் பாத்திரம் எடுத்த முடிவுகளிலிருந்து வரவேண்டும். தற்செயல் முரணைத் தொடங்கிவைக்கலாம், சிக்கலைக் கூட்டலாம். தீர்த்துவைக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் வசந்திக்கு எங்கிருந்தோ பணம் வந்துவிட்டால், அதுவரை படித்ததெல்லாம் வாசகருக்கு வீண் என்று தோன்றும்.

சொற்பொழிவால் மனம் மாறுவது இன்னொரு வியாதி. எதிர்த்தரப்பு அரைப்பக்க அறிவுரை கேட்டுக் கண்கலங்கித் திருந்துகிறது. நியாயமுள்ள மனிதன் பேச்சால் மாறமாட்டான். விலை கொடுக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தால்தான் மாறுவான். வசந்தி கைப்பையிலிருந்து கிழித்த ரசீதை எடுத்து அவன்முன் வைக்கிறாள் என்றால், அவள் தன் கடைசி ஆயுதத்தை ஒப்படைக்கிறாள். அதற்குப் பிறகு முரளி அசைந்தால் நம்பலாம். அசையாவிட்டாலும் நம்பலாம்.

வாசகரிடம் தகவலை ஒளித்து ஆர்வத்தை உண்டாக்கப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. பார்வைப் பாத்திரத்துக்கு, அதாவது யார் கண் வழியே கதை நகர்கிறதோ அவருக்கு, தெரிந்த ஒன்றை, கடைசியில் அதிர்ச்சி தருவதற்காக மட்டும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். முரளியின் கடனை வசந்தியோடு சேர்ந்து வாசகரும் அறிவது நியாயம். வசந்திக்கு முதலிலேயே தெரியும், எழுத்தாளர்தான் சொல்லவில்லை என்றால் அது ஏமாற்று. சந்தேகமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்த ஆபத்தை நோக்கிப் பாத்திரம் நடந்துபோவதைப் பார்ப்பதுதான் பெரும்பாலும் அதிகப் பதைபதைப்பைத் தரும்.

முரண் இல்லாமல் கதை எழுதலாமா?

எழுதலாம். இது பழைய விவாதம். நாடகம் என்றாலே தடைகளை எதிர்க்கும் மன உறுதியின் போராட்டம்தான் என்று 1894இல் பிரெஞ்சு விமர்சகர் புருநெத்தியேர் வாதிட்டார். மோதல் இல்லாமலும் நல்ல நாடகம் உண்டு, அதன் சாரம் நெருக்கடி என்று 1912இல் ஸ்காட்லாந்து நாடக விமர்சகர் வில்லியம் ஆர்ச்சர் மறுத்தார். ஜப்பானில் கிஷோதென்கெட்சு என்ற நான்கு பகுதி வடிவம் இருக்கிறது. சீன நான்கடிப் பாடல்களிலிருந்து வந்தது. அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், இணைவு என்று அது போகும். மூன்றாம் பகுதியில் முற்றிலும் வேறொரு விஷயம் உள்ளே வரும். நான்காவதில் அதற்கும் முன்பு வந்ததற்கும் உள்ள உறவு புலப்படும். நான்கு கட்டச் சித்திரக் கதைகளில் இதை எளிதாகப் பார்க்கலாம். இங்கே வாசகரை இழுப்பது 'இது எப்படித் தீரும்' என்ற கேள்வி இல்லை, 'இது ஏன் இங்கே வந்தது' என்ற கேள்வி. அந்த வழியில் எழுத விரும்புகிறவர்கள் மூன்றாம் பகுதியில்தான் முழு உழைப்பையும் போட வேண்டும். திருப்பம் தளர்ந்தால் மிச்சமிருப்பது அழகான குறிப்புகள் மட்டுமே. முரணை எழுதத் தெரிந்து அதைத் தவிர்ப்பதும், எழுதத் தெரியாமல் விட்டுவிடுவதும் பக்கத்தில் வெவ்வேறாகத் தெரியும்.

திருத்தும்போது

முடித்த வரைவை இரண்டு வாரமாவது தொடாமல் வையுங்கள். பிறகு அச்சிட்டு, பென்சிலோடு படியுங்கள். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று வாசகருக்கு முதன்முதலில் தெரியும் வரியின் ஓரத்தில் ஒரு கோடு. குறுக்கே நிற்பது தெரியும் வரியில் இரண்டு கோடு. விலகிப்போக முடியாது என்று தெரியும் வரியில் மூன்று. மூன்றும் எந்தப் பக்கங்களில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒற்றைக் கோடு ஐந்தாம் பக்கத்தில் இருந்தால், முதல் நான்கு பக்கத்தை மூடிவிட்டு ஐந்திலிருந்து கதை புரிகிறதா என்று இதுவரை அதைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் புரிந்துவிடும். மூன்று கோடு எங்குமே விழவில்லை என்றால் மொழியைத் திருத்துவதில் நேரம் செலவிடாதீர்கள். முதலில் பிணைப்பை எழுதிச் சேருங்கள்.

வெட்டிய பக்கங்களைத் தூக்கிப் போடாமல் தனியே வையுங்கள். அம்மாவின் நோய், வசந்தியின் திருமணம், வீடு வாங்கிய கதை என்று தொடக்கத்தில் நீங்கள் கொட்டிய தகவல்களில் சில பின்னால் தேவைப்படும். அவற்றை எழுத்தாளரின் குரலில் சொல்லாமல், சண்டைக்கு நடுவே ஒருவர் இன்னொருவர்மேல் எறியும் சொல்லாகக் கொண்டுவாருங்கள். "கடைசி ரெண்டு வருஷம் நீ எங்கேக்கா இருந்தே?" என்று முரளி கேட்டால், வெட்டிய மூன்று பக்கத்தில் இருந்த செய்தி ஒரே வரியில் வந்துவிடும், அதற்கு வசந்தி பதிலும் சொல்லியாக வேண்டும்.